நாலாவது மிதி

சுவிசேஷம் வாசிக்கும் நேரம் வந்ததும் கோயிலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சவரிநாதன் மட்டும் முழந்தாளிலேயே இருந்தார்.

பிரசங்கத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்போதும் அவர் முழந்தாளில்தான். பிரசங்கம் செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரச் சாமியாரின் கண்ணில் இது பட்டுவிட்டது. தமக்கு வருகிற தமிழில், "இதோ, இந்த மனுஷனைப் பாருங்கள். எப்பேர்ப்பட்ட பக்தி!" என்று கையை நீட்டினார். கோயிலே திரும்பிப் பார்த்தது. சவரிநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசையில் ஓர் அம்மாளும் அழத் தொடங்கினாள்.

பெண்கள் பக்கத்தில் இருந்த ரோசம்மாவுக்குத்தான் சந்தேகம் தட்டியது. அவருக்கு வாழ்க்கைப்பட்டுப் பத்து வருஷம் ஆனவள். பிரசங்க நேரத்தில் தன் புருஷன் விழித்திருக்கிறார் என்றால் உடம்பில் எங்கோ கோளாறு என்பது அவளுக்குத் தெரியாதா?

பூசை முடிந்ததும் ஓடி வந்தாள்.

"என்னங்க, இடுப்பா?"

"சத்தம் போடாதே. சாமியார் உள்ள போகட்டும்."

"எந்திரிக்க முடியலையா?"

"முடிஞ்சா எந்திரிச்சிருக்க மாட்டேனா? பக்தியாம், பக்தி!"

நாலு பேர் சேர்ந்து அவரை அப்படியே தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார்கள். மடங்கிய கால் நீளுவதாக இல்லை. சிராங்கூன் ரோடு நெடுக அவர் ரிக்‌ஷாவின் பின்பக்கம் பார்த்தபடி முழந்தாளிலேயே போனார். வழியில் தெரிந்தவர்கள் சிலர் கும்பிட்டார்கள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். வேறென்ன செய்வது?

இந்த வினை சனிக்கிழமையே தொடங்கிவிட்டது. சவரிநாதன் ஆற்றோரத்தில் மிளகு ஏற்றுமதி செய்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கிடங்கு வாசலில் உட்கார்ந்து மூட்டை எண்ணுவது அவர் வேலை. எண்ணுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் கூலியாட்களைத் திட்டுவார். திட்டுவதில் அவருக்கு நல்ல தேர்ச்சி. சனிக்கிழமை அவரிடம் மாட்டியவன் வீரபத்திரன். ஆறடி ஆள், சாது. அவன் மூட்டை தூக்குகிற விதம் கிராணிக்குப் பிடிக்கவில்லை.

"தடியா! இத்தனை நாளா இங்க என்ன கத்துக்கிட்டே? தள்ளு, இப்படித் தூக்கணும்!" என்று கோட்டோடு குனிந்து செய்து காட்டினார்.

குனிந்த வரைக்கும் சரியாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எருமைக் கொட்டில்களுக்குப் பின்னாலிருந்த அவர்கள் வீட்டில் பாய் விரித்து, ரோசம்மா அவர் இடுப்புக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாள்.

"இதுக்கு ஒரே வைத்தியந்தாங்க. காலால பொறந்தவங்க யாராச்சும் மிதிக்கணும்."

தலை முதலில் வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர்களின் காலுக்கு இடுப்புப் பிடிப்பை எடுக்கும் சக்தி உண்டு என்பது ஊரில் பாதிப் பேர் நம்புகிற சங்கதி. மூன்றே மிதி. காசு வாங்க மாட்டார்கள். வாங்கினால் பலிக்காது.

"என்னை மிதிக்கிறதா? கம்பெனி கிராணியை?"

"கிராணிக்குன்னு கடவுள் தனியா இடுப்பு செஞ்சாரா? எங்க வீட்டு வாசல்ல தினம் யாராவது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. போறப்ப நிமிர்ந்து போவாங்க."

"உங்க வீட்டு வாசல்லயா? அங்க எதுக்கு வந்தாங்க?"

"பக்கத்து வீட்டுக்குத்தான் வந்தாங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டு ஒத்தடத் துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொம்பளையா இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"பொம்பளை கால் என் மேல படுறதா! அதுவும் காலால பொறந்தவ கால்! வந்த வீட்டை மிதிச்சே அழிச்சிடுவான்னு எங்கம்மா சொல்லும். உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே அதைத்தான் முதல்ல விசாரிச்சுச்சு."

ரோசம்மா ஒத்தடத் துணியைச் சுருட்டினாள். எழுந்து போகும்போது அவள் கால்விரல் தெரியாமல் அவர் கையில் பட்டுவிட்டது. "சேசுவே!" என்று பதறிக் குனிந்து, பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வலியிலும் சவரிநாதனுக்குப் பெருமையாக இருந்தது. பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆனால் வைத்தியம் என்று வந்தால் அவருக்கென்று ஒரு யோசனை இருந்தது. துரை படித்துவிட்டுப் போடுகிற இங்கிலீஷ் பத்திரிகையில் அதைப் பார்த்திருந்தார். முறுக்கு மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரன் இடுப்பில் மின்சார பெல்ட்டு. பெல்ட்டைச் சுற்றி நாலாபக்கமும் மின்னல் பறந்தது. முதுகுவலி, வாதம், சோம்பல் எல்லாம் பறந்துவிடுமாம். விலை பதினெட்டு வெள்ளி.

"பதினெட்டு வெள்ளியா!" என்றாள் ரோசம்மா.

"டிராம் வண்டியையே இழுக்கிற மின்சாரம்டி. என் இடுப்பை நிமிர்த்தாதா?"

"டிராம் கம்பியை விட்டு விலகினா நின்னுபோகுது. நீங்களும் கம்பியோடவே திரிவீங்களா?"

"படிச்சவன் கண்டுபிடிச்சது. உனக்கென்ன தெரியும்?"

"பதினெட்டு வெள்ளிக்கு எங்க போறதுன்னு தெரியும். அந்த டின்னுல கை வைக்காதீங்க."

மாதா படத்துக்குப் பின்னால் ஒரு பிஸ்கோத்து டின் இருந்தது. அதில் இருபது வெள்ளி. தையல் மிஷினுக்கு முன்பணம். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கையும் கெபாயாச் சட்டையும் கையாலேயே தைத்துக் கொடுத்து, ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்களோடு அவள் சேர்த்த பணம் அது. மிஷின் வந்தால் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு இப்போது ஒரு வாரம் ஆகிறது.

"என் கண்ணு மங்கறதுக்குள்ள அந்த மிஷின் வரணுங்க" என்றாள்.

சவரிநாதனுக்கு மனசு இளகியது. இடுப்புதான் இளகவில்லை.

எதற்கு வம்பென்று முதலில் மலிவான வழி ஒன்றைப் பார்த்தார். சீன வைத்தியர் ஒருவரிடம் போய்க் கன்னங்கரேலென்று ஒரு பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். அதன் வாடையில் கிடங்கு நாய்கள் அவரை விட்டுப் பிரியவேயில்லை. மூட்டை எண்ணும்போது ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் பிளாஸ்திரியை உரித்தபோது முதுகு மயிரும் சேர்ந்து வந்தது. அவர் போட்ட கூச்சலில் கொட்டிலில் எருமைகள் எழுந்து நின்றன. திமிறியதில் ஏற்கெனவே முன்னால் குனிந்திருந்தவர் இப்போது இடப்பக்கமாகவும் சாய்ந்துவிட்டார்.

"காலால பொறந்தவங்க யாராச்சும்..." என்று ஆரம்பித்தாள் ரோசம்மா.

"பேசாதே!"

மறுநாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே டின்னைத் திறந்தார். சாயங்காலம் பெல்ட்டு கோட்டுக்குள் ஒளிந்து வீட்டுக்கு வந்தது.

உள்ளே செம்பும் துத்தநாகமுமாக வட்ட வட்டத் தகடுகள். காடியில் நன்றாக நனைத்துத்தான் கட்ட வேண்டும், அப்போதுதான் மின்சாரம் பிறக்கும் என்று கூட வந்த தாளில் எழுதியிருந்தது. மீன் அச்சார் போடுவதற்காக ரோசம்மா ஒரு போத்தல் காடி வைத்திருந்தாள். மறுநாள் காலையில் அது முழுவதும் பெல்ட்டுக்குப் போயிற்று.

கிடங்கில் போய் உட்கார்ந்ததும் இடுப்பில் சுருக் சுருக்கென்று குத்தியது. "ஏறுது, ஏறுது" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கூலியாட்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

"யாரு வீட்டு ஊறுகாய்டா? நல்லா ஊறியிருக்கு" என்றான் ஒருவன்.

வெயில் ஏற ஏறக் குத்தல் எரிச்சலாயிற்று. மத்தியானம், துரையே எதிரில் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தபோது, பெல்ட்டின் நடுத்தகடு சரியான இடத்தில் கடித்தது. சவரிநாதன் நாற்காலியிலிருந்து துள்ளினார். இடுப்பில் 'கடக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் உலகத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பூட்ஸ் மட்டுமே.

வீட்டுக்கு வந்ததும் ரோசம்மா நெற்றியைச் சுருக்கினாள்.

"அச்சாருக்கு வச்சிருந்த காடி எங்கங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அவள் கிட்டே வந்து முகர்ந்தாள். கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நேரே போய் டின்னை எடுத்துக் குலுக்கினாள். ரொம்பக் கொஞ்சமாகச் சத்தம் கேட்டது.

பெல்ட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இது தைக்குமா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள். நூல் லேசில் நுழையவில்லை. குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த சவரிநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மறுநாள் போய்க் கேட்டபோது கடைக்காரன் நனைத்த பெல்ட்டைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான்.

"சரி, மிதிக்கட்டும்" என்றார் கடைசியில், தன் பூட்ஸைப் பார்த்து. "ஆம்பளையாப் பாரு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

தெரியாமல் இருப்பதற்காக அவரே விசாரித்தார். அதுதான் தப்பு. கிடங்குக் காவல்காரனிடம் ரகசியமாக, "நம்ம ஆளுங்கள்ல காலால பொறந்தவன் எவனாவது இருக்கானா? எனக்கில்லை, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு" என்றார். தொண்ணூறு பாகை குனிந்து நின்றுகொண்டு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வாசலில் ஏதோ சந்தடி கேட்டது. ரோசம்மா கதவைத் திறந்தாள். தெருக்கோடி வரை ஆள் நின்றது. ஒரு கிடங்கே காலால் பிறந்திருந்தது.

"நான் ரெண்டு காலாலயும் பொறந்தேங்க!" என்றான் முதலில் நின்றவன்.

"எங்க பரம்பரையே அப்படித்தாம்மா. எங்க தாத்தா நடந்தே வந்தாராம்" என்றான் அடுத்தவன்.

ஒருவன் காலைக் கழுவி எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தான். போன மாசம் கிராணி அரைநாள் கூலியை வெட்டிய ஆள் ஓரமாக நின்று காலை உதறி உதறிப் பழகிக்கொண்டிருந்தான். வரிசை எதற்கென்று தெரியாமலே ரிக்‌ஷாக்காரர் ஒருவரும் நின்றார்.

சவரிநாதன் ஜன்னல் வழியாகக் கால்களை மட்டும் பார்த்து நடுங்கினார். "இத்தனை பேருமா என்னை மிதிக்க வந்திருக்கானுங்க?"

"நீங்க திட்டாத ஆளு ஒருத்தராவது இதுல இருக்காரா?"

ரோசம்மா ஒவ்வொருவராக வீட்டுப் பக்கவாட்டுக்குக் கூப்பிட்டு விசாரித்தாள். வீரபத்திரனிடம் மட்டும் கொஞ்ச நேரம் பேசினாள். அவன் முதலில் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு மெதுவாகத் தலையசைத்தான்.

"இவருதாங்க. மத்ததெல்லாம் பொய்" என்று வந்து சொன்னாள்.

"அந்தத் தடியனா! உனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டேன். ஒழுங்காப் பதில் சொன்னாரு. நீங்க குப்புறப் படுங்க. மிதிக்கிறவங்க முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தா வலி திரும்பி வந்துடும்."

கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். அவர் தலை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். வெளியே ஏமாந்த கூட்டம் முணுமுணுத்தது.

வீரபத்திரன் தொண்டையைக் கனைத்தான். "ஆரம்பிக்கலாங்களா?"

"மெதுவாடா. நாளைக்கும் நான்தான் கிராணி, ஞாபகம் வச்சுக்க."

முதல் மிதி விழுந்தது. ஆறடி ஆளுக்கு இவ்வளவு லேசான காலா என்று சவரிநாதன் வியந்தார். பயல் மரியாதை தெரிந்தவன்தான். இரண்டாவது மிதி வலியைச் சரியாகத் தேடிப் பிடித்தது. மூன்றாவதில் 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டு, இடுப்புக்குள் சிக்கியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. "அப்பாடா, மாதாவே" என்று அவர் மூச்சுவிட்டபோது நாலாவது மிதி விழுந்தது.

முந்தின மூன்றுக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை. குதிகாலை ஓங்கி, ஆசை தீர வைத்த மிதி.

"ஐயோ! மூணுதானேடா பேச்சு?"

"கணக்கு தப்பிப்போச்சுங்க" என்று வீரபத்திரன் குரல் கதவுப் பக்கமிருந்து கேட்டது.

துண்டை விலக்கி எழுந்தார். நேராக எழுந்தார்! உத்தரம் கண்ணில் பட்டது, மாதா படம் கண்ணில் பட்டது. பக்கத்தில் ரோசம்மா முகம் சிவந்து மூச்சு வாங்க நின்றிருந்தாள். பாவம், என்னமாய்ப் பயந்துபோயிருக்கிறாள் என்று அவருக்கு அவள் மேல் இரக்கம் பொங்கியது.

அதற்கப்புறம் கிடங்கில் வீரபத்திரன் நிலைமை மாறிப்போயிற்று. தன்னை மிதித்து நிமிர்த்தியவனை எந்த வாயால் 'டேய்' என்பது? முதலில் 'வீரபத்திரா' ஆனான், பிறகு 'வாங்க, போங்க' ஆனான். மூட்டை தூக்க வேண்டாம், சாக்குக்கு நூல் கொடுத்தால் போதும் என்று நிழலில் உட்கார வைத்தார். "சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்தார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் வீரபத்திரன் நாளுக்கு நாள் இளைத்தான்.

சவரிநாதனுக்கு ஒரே ஒரு குறைதான். டின்னில் இரண்டே வெள்ளிதான் இருந்தது. விளக்கடியில் ரோசம்மா ஊசித் துளையைத் தேடும்போதெல்லாம் நிமிர்ந்த இடுப்போடு உட்கார்ந்திருக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. துரை ஒருநாள் குதிரையிலிருந்து இறங்கினார், பாதியில் நின்றுவிட்டார். டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. ஒரு வாரமாகக் கிடங்குக்குள் கூனிக்கொண்டே நடந்தார். சவரிநாதன் மெல்லப் போய்த் தன் கதையைச் சொன்னார். துரை விழுந்து விழுந்து சிரிக்கப் பார்த்து, வலியில் "ஆ" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மிதிக்கிற ஆளுக்கு என்ன கொடுக்கணும்?" என்று கேட்டார்.

"அவங்க ஒண்ணும் வாங்கக் கூடாது துரை. வாங்கினா பலிக்காது." சவரிநாதன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா சொல்லிவிட்டவன் வீட்டுல ஒரு தையல் மிஷின் இல்லாம ரொம்பக் கஷ்டம்."

"நான் நேரா நின்னா நாளைக்கே உன் பெண்டாட்டிக்கு மிஷின்" என்றார் துரை.

ரோசம்மாவிடம் அவர் மூச்சுக்கூட விடவில்லை. மிஷினோடு போய் வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து வருஷத்தில் அவளுக்கென்று ஒரு முழம் பூ தாண்டி அவர் எதுவும் வாங்கியதில்லை.

மறுநாள் கிடங்குக் கதவைச் சாத்தினார்கள். மிளகு மூட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே போர்வை விரித்து, துரை கோட்டைக் கழற்றிக் குப்புறப் படுத்தார். சவரிநாதனே அவர் தலையில் துண்டைப் போட்டு, முகம் பார்க்கக் கூடாத விதியையும் இங்கிலீஷில் சொன்னார். கதவு இடுக்குகளில் கிடங்கு ஆட்களின் கண்கள் மின்னின.

வீரபத்திரன் வந்தான். வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, வேணாங்க. என்னைப் பழையபடி திட்டுங்க. மூட்டை தூக்குறேன். இது வேணாங்க."

"பயப்படாதீங்க வீரபத்திரன். துரையே சம்மதிச்சாச்சு. என்னை மிதிச்ச மாதிரியே மிதிங்க, போதும். நாலாவது மட்டும் வேண்டாம்."

"லெக்காஸ்லா!" என்று துண்டுக்கடியிலிருந்து துரை மலாயில் அவசரப்படுத்தினார்.

"சீக்கிரம், சீக்கிரம்! என் பெண்டாட்டி மிஷின் உங்க கால்லதான் இருக்கு" என்று சவரிநாதன் கெஞ்சினார்.

வீரபத்திரன் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக் காதருகே குனிந்தான்.

"ஐயா, நான் எல்லாரையும் மாதிரி தலையாலதான் பொறந்தேனுங்க. அன்னிக்குக் கதவுகிட்ட நின்னு கனைச்சது மட்டுந்தான் நானு. காலால பொறந்தது உங்க வீட்டம்மா. மூணு மிதி உங்க இடுப்புக்காம், நாலாவது அந்தப் பெல்ட்டுக்காம்."